பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம், வெயில் இறங்கவில்லை: வீட்டில் பிள்ளைகளோடு எப்படி ஓட்டுவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மதுரையில் மேல்மாடி வாடகை வீடு. மகளுக்கு 9 வயது. மகனுக்கு ஐந்தரை, ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். தாத்தா ஊரில் இருபது நாள் ஆடிவிட்டு மே நடுவில் பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ராத்திரி 12 மணிக்குத் தூக்கம், காலை 10 மணிக்கு விழிப்பு, சாப்பாடு வேண்டாம் தின்பண்டம் வேண்டும், சாயங்காலமானால் அடிதடி, மீதி நேரம் போன். நீங்கள் காலை 10-லிருந்து 4 வரை வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறீர்கள். மாமியார் கூட இருக்கிறார், அவருக்கு முட்டி வலி. கணவர் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கோடை வகுப்புக்குப் போவதைப் பார்த்து, நம் பிள்ளைகள் லீவை நாம்தான் வீணாக்குகிறோமோ என்று உறுத்துகிறது. இருக்கிற இரண்டு வாரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தவள். என் இரண்டு பிள்ளைகளையும் இதே ஊரில், இதே வெயிலில், வில்லாபுரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வளர்த்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த உறுத்தலை இறக்கி வைத்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் வகுப்பறைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், எந்தப் பிள்ளை தூங்கி எழுந்து வந்திருக்கிறது, எது பாதித் தூக்கத்தில் இழுத்து வரப்பட்டிருக்கிறது என்று. யார் கோடை வகுப்புக்குப் போனது, யார் போகாதது என்று ஒருநாளும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மறந்துபோன ஏழாம் வாய்ப்பாடு பத்து நாளில் திரும்பி வந்துவிடும். தூக்கம் கெட்டு வந்த பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும். காலை முதல் பீரியடில் கண் சொருகும், பதினொரு மணிக்கு அழும், சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போகும். பெற்றோர் வந்து “படிப்பில் மந்தமாகிவிட்டான் டீச்சர்” என்பார்கள். மந்தமெல்லாம் இல்லை, தூக்கம்தான். அதனால் இந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் சரிசெய்ய முடியும் என்றால், தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

அதற்கு முன் வெயிலைப் பற்றிக் கொஞ்சம். கத்திரி என்பது சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைவதிலிருந்து ரோகிணி முதல் பாதத்தைக் கடக்கும் வரை உள்ள நாட்கள். மே 4 வாக்கில் பிறந்து 28 வாக்கில் முடியும். கத்திரி கழிந்த மறுநாளே வெயில் தணிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சென்னையில் 45 டிகிரி அடித்தது 2003 மே 31-ஆம் தேதி, கத்திரி போன பிறகு. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் மழை இறங்கினாலும் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்குக் காற்றும் மேகமும்தான் மிச்சம். முந்தின சில வருடங்களில் பள்ளி திறப்பே இந்த வெயிலால் தள்ளிப்போயிருக்கிறது. 2023-இல் ஜூன் 1 என்று சொல்லி, கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 ஆனது. 2024-இல் 6 என்றது 10 ஆனது. 2025-இல் சொன்னபடி 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஆகவே எப்படியும் தள்ளிவைப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல், சொன்ன தேதிக்கே தயாராகுங்கள்.

மேல்மாடி வீடு என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் உங்கள் பிரச்சினையின் பாதி இருக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அதை வீட்டுக்குள் இறக்கும். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குக் கையை உயர்த்தினாலே கூரையின் அனல் தெரியும். அந்த நேரத்தில் படுக்கப் போட்டால் எந்தப் பிள்ளையும் புரளத்தான் செய்யும். அதை அடம் என்று எடுத்துக்கொண்டு திட்டுகிறோம். சாயங்காலம் வெயில் இறங்கியதும் மொட்டைமாடியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் வாளி ‘உஸ்’ஸென்று ஆவியாகும், நான்காவது தங்கும். வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவது இன்னும் நல்லது, வெள்ளைத் தளம் சூட்டை அவ்வளவு வாங்காது. காலை ஒன்பது மணிக்கு முன்பே வெயில் படும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள், பொழுது விழுந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காற்றுக்கு என்று பகலில் திறந்து அனலை உள்ளே விட்டுவிட்டு, கொசுவுக்குப் பயந்து ராத்திரி அடைத்துவிடுகிறோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆகும் செலவு, இரண்டு நாள் கோடை வகுப்புக் கட்டணம்கூட இருக்காது.

இப்போது தூக்கம். எல்லோரும் செய்யும் தவறு, “இன்றைக்கு ஒன்பது மணிக்குப் படுத்தே ஆகவேண்டும்” என்று ராத்திரியிலிருந்து தொடங்குவது. பத்து மணிக்கு எழுந்த பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் தள்ளிப்போவது அதற்குச் சுலபம், முன்னால் வருவது கஷ்டம். அதை முன்னால் இழுக்கும் கயிறு காலை வெளிச்சம். காலையிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கு ஒன்பதரைக்கு எழுப்புங்கள், அடுத்த நாள் ஒன்பதுக்கு, அதற்கடுத்த நாள் எட்டரைக்கு. எழுப்பிய ஐந்து நிமிடத்தில் வெளியே, வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பல் தேய்ப்பதுகூட பால்கனியில் நடக்கட்டும். எட்டு நாளில் ஆறு மணிக்கு வந்துவிடுவீர்கள். ராத்திரி தானாகவே முன்னால் நகரும், அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டாம். முதல் மூன்று நாள் இருவரும் சிடுசிடுவென்று இருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் சின்னவனுக்கு மட்டும், ஒரு மணி நேரம், மூன்று மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். மூத்தவளுக்குப் படுத்துக்கொண்டு படிக்கலாம், தூங்க வேண்டாம். அவள் வயதுக்கு ஒரு நாளில் 9-லிருந்து 12 மணி நேரத் தூக்கம் தேவை. சின்னவனுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஆறு மணிக்கு எழ வேண்டிய பள்ளி நாளில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

ஒன்றைக் கவனித்தேன். உங்கள் பிள்ளைகள் ராத்திரி விழித்திருப்பது போனுக்காக மட்டும் இல்லை. அப்பா வருகிற நேரம் ஒன்பதரை. அப்பாவைப் பார்க்காமல் எப்படித் தூங்குவார்கள்? வந்ததும் அவர் சாப்பிடுவது, பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுவது, அது முடியவே பதினொன்றாகிவிடும். இதை அதட்டி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்த நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். காலை ஆறரைக்கு அப்பாவும் பிள்ளைகளும் மட்டும் பால் வாங்கப் போகட்டும், அல்லது பத்து வீடு தள்ளி இருக்கிற டீக்கடை வரை நடக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு ஆலை வேலை, ராத்திரி பத்துக்குத்தான் வருவார். 1994 கோடையில் நாங்கள் இப்படி மாற்றினோம். முதல் வாரம் மகன் தூக்கக் கலக்கத்தில் அப்பாவின் தோளிலேயே கிடந்து போய் வருவான். இரண்டாவது வாரம் அப்பாவுக்கு முன்பே எழுந்து, பால் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். அந்த நடை அவன் கல்லூரிக்குப் போகும்வரை நின்றதில்லை.

சரி, எழுந்துவிட்டார்கள். ஆறிலிருந்து ஒன்பதரை வரை என்ன செய்வது? நம் ஊர்க் கோடையில் ஒரு பகல் என்பது இரண்டு துண்டு. வெயிலுக்கு முந்தின துண்டு, வெயில் தாழ்ந்த துண்டு. நடுவில் இருப்பது யாருக்கும் உதவாது. பழைய வீடுகளில் கோடை வேலைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடந்தன, அதில் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளை மகிழ்விப்பது நம் வேலை என்று நினைத்துக்கொண்டு களைத்துப்போகிறோம். அவர்களுக்கு வேண்டியது வேடிக்கை காட்ட ஒரு ஆள் இல்லை. “இதை நீ செய்தால்தான் நடக்கும்” என்று கையில் கொடுக்க ஒரு நிஜ வேலை.

அதில் எனக்கு மிகப் பிடித்தது வத்தல் போடுவது. உங்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது, மாமியாருக்குப் பக்குவம் தெரிந்திருக்கும், வேறென்ன வேண்டும்? ஜவ்வரிசி வத்தல்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. முந்தின ராத்திரி ஒரு டம்ளர் ஜவ்வரிசியைக் கழுவி ஊறப் போடுவது மூத்தவள் வேலை. காலை ஆறு மணிக்கு அதை ஐந்து டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பு வேலை உங்களுடையது. பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, கொஞ்சம் சீரகம், ஆறின பின் எலுமிச்சைச் சாறு. உப்பை மட்டும் ருசிக்குச் சற்றுக் குறைவாகவே போடுங்கள், காய்ந்தால் தூக்கிவிடும். அப்புறம் பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்து, ஆளுக்கொரு கரண்டி கொடுத்துவிடுங்கள்.

சின்னவன் ஊற்றுவது முதலில் தட்டு அளவுக்கு இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விடுங்கள். பத்தாவது கரண்டியில் அவனே கண்டுபிடித்துவிடுவான், கரண்டியைக் கீழே இறக்கி ஊற்றிவிட்டு முதுகால் ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டமாக வரும் என்று. என் பேத்தி நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஊற்றினாள், நான்கு வரிசை. ஐந்தாவது வரிசையில் அவள் பெயரின் முதல் எழுத்தை ஊற்றினாள். அது காயும்வரை ஒருநாள் முழுக்கப் பத்து முறை மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் கழன்று வரும். இந்தக் கழற்றும் வேலைக்குப் பெரியவர்களின் விரலைவிடச் சின்ன விரல்தான் தோது. மறுநாள் மறுபக்கம் காயவேண்டும். இரண்டு மூன்று நாளில் ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வரும் பதம். பொரிக்கும்போது ஒரு இஞ்சு வத்தல் மூன்று இஞ்சாக ஏன் விரிகிறது என்று மகள் கேட்பாள். உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி உப்புவதுதான் காரணம். அறிவியல் பாடம் தனியாக எடுக்க வேண்டியதில்லை. காக்கை விரட்டுவது யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், அதற்கு ஒரு சண்டை வரும். மாமியாரை மாடி ஏற்ற வேண்டாம். படிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, பதம் சரியா என்று பிள்ளைகள் கிண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டி வரட்டும். அவருடைய சொல்லுக்கு அன்றைக்கு வீட்டில் இருக்கும் மரியாதையைப் பாருங்கள்.

இதே மாதிரி இன்னொரு வேலை, தண்ணீர் டிரம் கழுவுவது. தண்ணீர் பிடித்துவைக்கிற வீடு என்றால் இது கட்டாயமும்கூட. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒன்றிரண்டு வாரம் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய் நாரைக் கொடுத்து உள்பக்கம் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். குளித்த மாதிரியும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், தண்ணீர் இருக்கும் தொட்டியில் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். “தம்பியைப் பார்த்துக்கோ” என்பது 9 வயதுப் பிள்ளையின் வேலை கிடையாது. நீங்கள் வேலை பார்க்கும் ஆறு மணி நேரமும் அந்தப் பொறுப்பை மறைமுகமாக மகள் தலையில் வைத்திருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் எழுதியதிலேயே “அவள்தான் பெரியவள், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்” என்று இருக்கிறது. அவளுக்கும் இது லீவுதான். மகனுக்கும் வீட்டு வேலை உண்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது, துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது. இப்போது பழக்காவிட்டால் பிறகு பழக்க முடியாது. பகல் நேரப் பொறுப்பு பெரியவர்களுடையது. மாமியாரிடம் வெளிப்படையாகப் பேசி, பதினொன்றிலிருந்து ஒன்று வரை அவர், ஒன்றுக்கு நீங்கள் சாப்பாட்டுக்கு எழுந்து வருவது, அதன்பின் எல்லோருக்கும் அமைதி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றிலிருந்து ஒன்று வரை மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே ஆடக்கூடியது தாயம். தாயக்கட்டை இருந்தால் சரி, இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் உரசி எடுத்துக்கொள்ளலாம். அந்த உரசலே அரை மணி நேரம் பிடிக்கும், சூடான கொட்டையைத் தம்பி கையில் வைக்கிற விளையாட்டும் நடக்கும், கவனம். ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறுபடி போடலாம் என்பது எங்கள் பக்கத்து முறை. எந்தக் காயை நகர்த்தினால் எதிராளியின் காயை வெட்டலாம், எதை மலையில், அதாவது வெட்ட முடியாத கட்டத்தில், பத்திரமாக ஏற்றலாம் என்று யோசிக்கிற பிள்ளைக்குக் கூட்டல் கழித்தலைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையே இல்லை. பல்லாங்குழி இருந்தால் சின்னவனுக்கு அதுதான் முதல் கணக்கு வாத்தியார். பதினான்கு குழி, ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணி எண்ணி விரலுக்கு எண் பழகிவிடும். தோற்றால் அழுவான். தோற்றுப் பழகவும் வீடுதான் நல்ல இடம்.

ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை ஒன்றும் வேண்டாம். “போரடிக்குது” என்பார்கள். அடிக்கட்டும். பதில் சொல்லத் தேவையில்லை. அரை மணி நேரம் புலம்பிவிட்டு, அட்டைப்பெட்டியை எடுத்து வீடு கட்டத் தொடங்குவார்கள், அல்லது கட்டிலுக்கடியில் ஒரு கடை திறப்பார்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் நாம் எதையாவது திணித்தால் அது நடக்காது. இதே நேரத்தில் ஒரு வருடம் என் மகளைத் தெரு தள்ளி ஒரு ஓவிய வகுப்புக்கு அனுப்பினேன். இரண்டு மணி வெயிலில் நடந்துபோய், தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு, நான்காம் நாள் வாந்தியும் தலைவலியுமாக வந்து படுத்தாள். அனுப்பியது என் தவறு. பதினொன்றிலிருந்து நான்கு வரை எந்த வகுப்பாக இருந்தாலும் வேண்டாம்.

நான்கிலிருந்து ஆறு வரை அடிதடி என்று எழுதியிருந்தீர்கள். எல்லா வீட்டிலும் அந்த நேரம்தான். யார் முதலில் அடித்தது என்று விசாரிக்காதீர்கள். பசி, தாகம், புழுக்கம், இவை மூன்றையும் தீர்த்துவிட்டு விசாரியுங்கள், பெரும்பாலும் விசாரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. நான்கு மணிக்குக் கணினியை மூடியதும் முதல் வேலை இருவரையும் குளிக்க அனுப்புவது, இரண்டாவது ஒரு டம்ளர் நீர்மோர், மூன்றாவது வயிற்றுக்கு ஏதாவது. அவித்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு, பொரியில் கொஞ்சம் வெங்காயமும் மாங்காயும் அரிந்துபோட்டது. இந்த நேரத்தில் சாப்பாடு இறங்கினால் “தின்பண்டம் வேண்டும்” என்கிற அழுகை பாதியாகக் குறையும். பத்து மணிக்கு எழுந்து பதினொன்றுக்குக் காலைச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைக்கு மத்தியானம் எப்படிப் பசிக்கும்? காலை சரியானால் இதுவும் சரியாகும். காலையில் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளப் பழக்கிவிட்டால் உங்களுக்கு ஒருவேளை அடுப்படி வேலையும் மிச்சம்.

இந்த மாதத்தில் நுங்கு இன்னும் கிடைக்கும். வாங்கும்போது சீவிய சுளையாக இல்லாமல் முழுக் காயாக இரண்டு வாங்கி வெட்டித் தரச் சொல்லுங்கள். தின்ற பிறகு அந்த இரண்டு கோம்பையையும் ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. நகரத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்ததே இல்லை. உங்கள் கணவருக்குச் செய்யத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். மாம்பழம் சூடு, கட்டி வரும் என்று மாமியார் தடுத்தால் சண்டை வேண்டாம். காம்பை ஒட்டிக் கசிகிற பால் பட்டால் வாயோரம் புண்ணாவது உண்மைதான். காம்புப் பக்கம் சீவி, தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைத்துக் கழுவிக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் பழம்.

வெயில் நேரத்து உடம்பைப் பற்றிச் சுருக்கமாக: சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்ப வேண்டாம், வியர்வைத் துவாரத்தை அடைக்கும், பருத்திச் சட்டையும் இரண்டு வேளைக் குளியலும் போதும். வாந்தி, பேதி என்றால் ஓஆர்எஸ் பொட்டலம், எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்தில் போட்டிருப்பதைப் பார்த்து அதே அளவில் கலக்குங்கள். இனிப்பான பழச்சாற்று டப்பாக்களும் அந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. உரிய சூத்திரத்தில் இல்லாதவை ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. மருந்துக் கடையில் கேட்டே வாங்குங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குளறினாலோ கூப்பிட்டால் எழாமல் கிடந்தாலோ, நிழலில் கிடத்தி ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்கக் கூடாது. அப்புறம், கடைசி வாரத்தில் மறுபடி ஊருக்குப் போகிற எண்ணம் இருந்தால், கிணறு, கண்மாய் பக்கம் பெரியவர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். லீவு முடிந்து திரும்பிவராத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்த நாள் என் வேலையில் ஒன்று உண்டு.

போனைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியிருந்தீர்கள், நான் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். அடியோடு பிடுங்க வேண்டாம். சாயங்காலம் குளித்துச் சாப்பிட்ட பிறகு மூத்தவளுக்கு முக்கால் மணி, சின்னவனுக்கு அரை மணி, கூடத்தில், எல்லோரும் பார்க்க. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வீட்டிலுள்ள எல்லாப் போனும் சமையலறை மேடையில் சார்ஜ் ஏறப் போய்விட வேண்டும், உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்து. மாமியார் போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவரிடம் சோற்றைப் பிசைந்து உருட்டி ஆளுக்கொரு கவளமாகக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். நிலாச்சோறு மாதிரி இரண்டு பிள்ளையும் சுற்றி உட்கார்ந்துவிட்டால் யார் கை முதலில் நீளும் என்கிற போட்டியில் சோறு இறங்கிவிடும்.

ராத்திரி, தண்ணீர் ஊற்றி ஆறின மொட்டைமாடியில் பாயை விரியுங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்து, கொசுவலை கட்ட வசதியும் இருந்தால் அங்கேயே தூங்கலாம். இல்லாவிட்டால் ஒன்பது வரை காற்று வாங்கிவிட்டுக் கீழே வரலாம். மே கடைசியில் வானம் தெளிவாக இருந்தால் தென்கிழக்கே விருச்சிகம் ஏறிக்கொண்டிருக்கும், தேள் மாதிரியே கொடுக்கை வளைத்துக்கொண்டு, நடுவில் சிவப்பாகக் கேட்டை நட்சத்திரம். மகளிடம் காட்டுங்கள், ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. படிப்பு என்று ஏதாவது வேண்டும் என்றால், ஒருநாள் காலை புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இருவரையும் அழைத்துப் போங்கள். 2023 ஜூலை 15-இல் திறந்தது, சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தினம் பத்து நிமிடம் மூத்தவள் தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். பக்கம் பக்கமாகக் காப்பி எழுதவைக்க வேண்டாம், அது பென்சிலை வெறுக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

சின்னவனைப் பற்றி ஒன்று. ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ எழுதத் தெரிகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதல் நாள் பார்ப்பது வேறு. டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்கிறானா? வாட்டர் பாட்டிலைச் சிந்தாமல் மூடுகிறானா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு புது ஆளிடம் சொல்வானா, கால்சட்டைப் பட்டனைத் தானே போடுவானா? மூடி திறக்க வராமல், சொல்லவும் கூச்சப்பட்டு, சாப்பிடாமலே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்த்திருக்கிறேன். அதனால் நாளையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவனுக்கு அந்த டிபன் பாக்ஸிலேயே கட்டிவையுங்கள். பள்ளியில் மணி அடிக்கிற அதே நேரத்துக்கு, தரையில் உட்கார்ந்து, தானே திறந்து, தானே தின்று, தானே மூடி வைக்கட்டும். இருபது நிமிடம்தான், நீங்கள் கை கொடுக்கக் கூடாது. மூடி இறுக்கமாக இருந்தால் டப்பாவை மாற்றிவிடுங்கள், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று உப்பியிருக்கும், காலையில் சரியாக இருந்த ஷூ மத்தியானம் கடிக்கும். முனையில் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்கி, இப்போதே வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் விழிக்கிற நேரமும், சாயங்காலத் தண்ணீரும் மட்டும். சனிக்கிழமை ராத்திரி ஜவ்வரிசியை ஊறப் போடுங்கள். அன்றைக்கே கணவரிடமும் சொல்லிவையுங்கள், ஞாயிறு காலை மாடிக்குக் கரண்டி மூன்று வேண்டும், ஒன்று அவருக்கு.